பொங்கல் பந்தயத்துக்கு எந்த சைக்கிள்? நான்கு வண்டியிலும் ஓட்டிப் பார்த்தவள் சொல்வது

அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். "சித்தி, இந்தப் பொங்கலுக்கு நானும் சைக்கிள் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கப் போறேன், வீட்டுல நாலு வண்டி நிக்குது, எதை எடுக்கட்டும்?" என்றாள். அரை மணி நேரம் பேசியும் பேச்சு முடியவில்லை, ஏனென்றால் அந்த நான்கு வகை வண்டியிலும் நான் அதே பாதையில் ஓட்டியிருக்கிறேன், ஒன்றில் விழுந்திருக்கிறேன், ஒன்றில் ஜெயித்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதிவிட்டால் இதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உதவும் என்று தோன்றியது. கல்யாணமான பெண்கள் பிரிவில் ஓடுகிறவர்களையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், அவர்களுக்குப் பதில் கொஞ்சம் மாறும்.

முதலில் பாதையைச் சொல்கிறேன், பாதை தெரியாமல் வண்டியைப் பற்றிப் பேசிப் பயனில்லை. எங்கள் ஊர் புதுக்கோட்டைப் பக்கம். கோயில் திடலில் கோடு போட்டு ஆறு ஆறு பேராக விடுவார்கள். திடலைத் தாண்டினால் கண்மாய்க் கரைக்குக் கீழே போகும் செம்மண் பாதை. 350 மீட்டர் நேராகப் போய், அங்கே வைத்திருக்கும் தார் டிரம்மைச் சுற்றித் திரும்பி, அதே வழியில் கோட்டுக்கு வர வேண்டும். மொத்தம் 700 மீட்டர், நன்றாக ஓட்டுகிற பெண்ணுக்கு ஒன்றே முக்கால் நிமிட வேலை. மண்ணுக்கு அடியில் கெட்டியான செம்புறாங்கல், மேலே உதிரிச் சரளை. தை மாதம் அறுப்பு நடக்கிற காலம் என்பதால் டிராக்டர் போய் வந்த தடம் இரண்டு பள்ளமாக ஓடும். காலையில் பனி ஈரத்தில் மண் பிடித்துக்கொண்டிருக்கும், மதியம் ஆனால் அதே மண் மாவாகிவிடும். திடலில் ஆறு பேர் வரிசையாக நிற்க இடமுண்டு, ஆனால் அறுபதாவது மீட்டரில் பாதை குறுகி இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் போகிற அளவுதான் இருக்கும். அதனால் பந்தயம் இரண்டு இடத்தில் முடிவாகிறது. கோட்டிலிருந்து அந்தக் குறுகல் வரைக்கும் ஒன்று, டிரம்மில் திரும்புகிற இடம் இன்னொன்று. கடைசி நேர் பாதையில் பின்னாலிருந்து வந்து முந்தியவர்களை நான் மிகச் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பந்தயமே எங்களுக்குச் சும்மா கிடைத்ததில்லை. பல வருடம் பெண்களுக்கு என்று வைத்தது கோலம், மியூசிக்கல் சேர், அப்புறம் "ஸ்லோ சைக்கிள்". யார் மெதுவாக ஓட்டுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. ஆண்களுக்கு வேகப் பந்தயம், எங்களுக்கு மெதுவாகப் போகிற பந்தயம். அதைக் கேட்டுக் கேட்டு மாற்றினோம். இன்னும் பெண்கள் பந்தயத்தை மதிய வெயிலில் கடைசியாகத்தான் வைக்கிறார்கள், ஆண்களுக்குப் பணமும் எங்களுக்கு எவர்சில்வர் குடமும் கொடுக்கிறார்கள். இதை நான் ஒவ்வொரு வருடமும் விழாக் கமிட்டியில் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன், இந்த வருடமும் சொல்வேன். மதியத்தில் வைப்பதால் நமக்குக் கிடைப்பது மாவு மண்தான் என்பதையும் வண்டி தேர்ந்தெடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

எந்த வண்டியானாலும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் வண்டி எத்தனை மீட்டர் நகர்கிறது? முன் செயின் சக்கரத்தின் பல்லை எண்ணுங்கள், பின்சக்கரத்தில் செயின் ஓடுகிற பல்சக்கரமான ஃப்ரீவீலின் பல்லை எண்ணுங்கள், முன்னதைப் பின்னதால் வகுத்து, வரும் எண்ணைச் சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். கணக்கு வேண்டாம் என்றால் சாக்பீஸ் எடுத்துத் தரையில் கோடு போட்டு, ஒரு சுற்றுத் தள்ளிப் பார்த்து, டேப் வைத்து அளந்துவிடலாம். இந்த எண் பெரிதாக இருந்தால் வேகம் பிடித்தபிறகு சுகம், ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளப்புவது கஷ்டம். சிறிதாக இருந்தால் சட்டென்று கிளம்பும், ஆனால் காலை வேகமாகச் சுற்ற வேண்டும். 700 மீட்டர் மண் பாதையில், அதுவும் நடுவில் கிட்டத்தட்ட நின்று திரும்ப வேண்டிய பந்தயத்தில், நாம் இரண்டு முறை கிளம்புகிறோம் என்பதை மறக்கக் கூடாது. கோட்டில் ஒரு முறை, டிரம்மில் ஒரு முறை.

இங்கிலாந்தில் சைக்கிள் ஸ்பீட்வே என்று ஒரு பந்தயம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து இடிந்த மனைகளில் பையன்கள் விளையாட்டாக ஆரம்பித்தது, இன்று பெண்களும் ஓடுகிறார்கள். நூறு மீட்டருக்கும் குறைந்த மண் வட்டத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட வேண்டும். அந்த வண்டிக்கு பிரேக்கே கிடையாது, ஒரே கியர்தான், அதையும் லேசாக, அதாவது ஒரு சுற்றுக்கு நகர்கிற தூரம் சிறிதாக இருக்கும்படி வைத்திருப்பார்கள், ஏனென்றால் முதல் திருப்பத்துக்கு யார் முந்திப் போகிறார்கள் என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும். அவர்கள் வண்டியும் நம் வண்டியும் ஒன்றில்லை, ஆனால் மண்ணில் குட்டை ஓட்டம் என்றால் லேசான கியர் என்ற விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்துகிறது.

சரி, வண்டிக்கு வருகிறேன்.

தாத்தாவின் ஜென்ட்ஸ் வண்டி. 22 இஞ்ச் பிரேம், 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், முன்னால் பார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு பழைய அட்லஸ். அந்தக் கம்பெனியின் சாஹிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று, சரியாக உலக சைக்கிள் தினத்தன்று மூடினார்கள் என்று படித்தபோது எனக்கு வீட்டில் ஒருவர் போனது போல் இருந்தது. அந்த வண்டியின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம், குரங்குப் பெடல் போட்டு நான் கற்றுக்கொண்டதே அதில்தான். என் அம்மாவும் அப்படிப்பட்ட ஒரு வண்டியில்தான் கற்றார். 1991, 92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன்னால் நின்றார். வயல் வேலைக்குப் போகிறவர்கள், கல்குவாரியில் வேலை செய்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று பல்லாயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். லேடிஸ் வண்டி கடையில் கிடைக்காமல் போய், ஜென்ட்ஸ் வண்டியையே வாங்கினவர்கள் உண்டு. பலர் அதைத்தான் விரும்பினார்கள், முன் பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதற்காக. ஆகவே ஜென்ட்ஸ் வண்டி ஆண்கள் வண்டி என்று யாராவது சொன்னால் எங்கள் மாவட்டத்தில் அது செல்லாது.

ஆனாலும் இந்தப் பந்தயத்துக்கு அதை எடுக்காதீர்கள். அரிசி மண்டித் தராசில் தூக்கி வைத்துப் பார்த்தேன், கேரியர் ஸ்டாண்டு எல்லாம் சேர்த்து 21 கிலோ. முன்னால் 44 பல், பின்னால் 18 பல், ஒரு சுற்றுக்கு சுமார் 5.4 மீட்டர். வேகம் பிடித்துவிட்டால் அந்தப் பெரிய சக்கரம் சரளையை ஒன்றுமே இல்லாதது போலத் தாண்டிப் போகும், அதைப்போல நேராக ஓடுகிற வண்டி வேறு கிடையாது. ஆனால் அந்த வேகத்தைப் பிடிப்பதற்குள் மற்றவர்கள் குறுகலுக்குள் போய்விடுவார்கள். இன்னொன்று, பாரின் உயரம் 80 சென்டிமீட்டருக்கு மேல். ஐந்தடி உயரமுள்ள பெண் பாருக்கு இருபக்கமும் காலை ஊன்றி நிற்க முடியாது. கெந்தி ஏறலாம், ஆனால் விசில் அடித்ததும் கெந்தி ஏறுவதற்கு இரண்டு விநாடி போய்விடும். பின்னால் யாராவது பிடித்துக்கொண்டால் சீட்டில் உட்கார்ந்தே கிளம்பலாம், அதற்கு எங்கள் ஊரில் அனுமதியில்லை. நான் முதல் வருடம் இதில்தான் ஓட்டினேன். டிரம்மில் திரும்பும்போது சரளையில் பின்சக்கரம் வழுக்கியது, காலை ஊன்றலாம் என்று நீட்டினேன், கால் தரையைத் தொடவில்லை. முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. ஐந்தரை அடிக்கு மேல் உயரம், பாதையில் திருப்பமே இல்லை, தூரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் என்றால் என் பதில் வேறாக இருக்கும்.

அந்த வண்டியில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும், காட்டர் பின். பெடல் தண்டை அச்சோடு பிடித்து நிறுத்துகிற சின்ன ஆப்பு அது. தினமும் பால் ஊற்றப் போகும்போது தெரியாது, எழுந்து நின்று மிதித்தால் "டக் டக்" என்று ஆட்டம் கொடுக்கும். அப்படிக் கேட்டால் அந்த வண்டியோடு பந்தயத்துக்குப் போகவே கூடாது, பின்னை மாற்றிவிட்டுத்தான் மறுவேலை.

கியர் வண்டியைச் சீக்கிரமே சொல்லி முடித்துவிடலாம். அக்கா வீட்டில் இருப்பது முன்னால் மூன்று, பின்னால் ஏழு, ஆக 21 கியர். கணக்கில் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் நல்லது, கிளம்புவதற்கு நடுப் பல்சக்கரமும் பின்னால் 20 பல்லும் போட்டு 3.5 மீட்டரில் கிளம்பலாம், ஓட ஓட ஏற்றிக்கொண்டே போகலாம். நிஜத்தில் ஒன்றே முக்கால் நிமிடத்தில் நாலு முறை கியர் மாற்ற வேண்டும், மாற்றுகிற நேரத்தில் மிதியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும், தளர்த்தாமல் முழு அழுத்தத்தில் மாற்றினால் செயின் கழன்றுவிடும். எனக்குக் கழன்றது, டிரம்முக்குப் பத்து மீட்டர் முன்னால். கூட்டம் முழுக்கப் பார்க்க, செயினைக் கையால் மாட்டிவிட்டு, கரிக்கையோடு கடைசியாக வந்து சேர்ந்தேன். தினமும் கியர் வண்டியில் போகிற பெண்ணுக்கு இது பொருந்தாது, அவள் தாராளமாக எடுக்கலாம். பொங்கலுக்குச் சொந்தக்காரர் கொண்டுவந்த வண்டியில் முந்தின நாள் ஏறிப் பார்த்துவிட்டு மறுநாள் பந்தயத்துக்குப் போகிறவர்களுக்குத்தான் சொல்கிறேன். அப்படியே ஆக வேண்டும் என்றால் முன்னால் நடுப் பல், பின்னால் 14 அல்லது 16 பல் என்று ஒரே கியரில் வைத்துவிட்டு லீவரைத் தொடாமல் ஓட்டுங்கள்.

முன்னாலும் பின்னாலும் ஸ்பிரிங் வைத்த வண்டி இருந்தால் அதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். விலை குறைந்த ஸ்பிரிங் வண்டியில் எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கு ஸ்பிரிங்கை அமுக்குவதிலேயே போய்விடுகிறது. பார்ப்பதற்கு மோட்டார் பைக் போல் இருக்கும், தூக்கிப் பார்த்தால் அதன் எடை தெரியும்.

இனி உண்மையான போட்டி மீதி இரண்டு வண்டிக்கும் இடையில்தான், அக்கா மகளுக்குப் பள்ளியில் கொடுத்த லேடிஸ் வண்டியா, அவள் தம்பியின் கியர் இல்லாத எம்டிபியா, அதாவது அகல டயர் போட்ட மவுன்டன் பைக்கா?

தம்பி வண்டியைப் பார்ப்போம். 26 இஞ்ச் சக்கரம், இரண்டு இஞ்ச் அகலப் பட்டன் டயர், முன்னால் 42 பல், பின்னால் 18, ஒரு சுற்றுக்கு 4.8 மீட்டர். ஸ்டாண்டையும் மட்கார்டையும் கழற்றியபின் 16 கிலோ. பிரேக் கேபிள் பிரேக், ரிம்மை இருபக்கமும் கவ்வுகிற வகை, ஜென்ட்ஸ் வண்டியின் கம்பி பிரேக்கோடு ஒப்பிட்டால் இரண்டு விரலில் நிற்கும். இந்தப் பாதைக்கே செய்த வண்டி போல இருக்கும், மாவு மண்ணில் அகல டயர் புதையாது, டிராக்டர் தடத்தில் ஏறி இறங்கும்போது ஹேண்டில் கையைப் பிடுங்காது. நிமிடத்துக்கு நூறு சுற்று மிதித்தால் மணிக்கு 29 கிலோமீட்டர் வரும், எங்கள் பாதையில் அதற்கு மேல் போன பெண்ணை நான் பார்த்ததில்லை, போகவும் தேவையில்லை. நான் ஜெயித்தது இந்த வகை வண்டியில்தான், என் சித்தப்பா மகனிடம் ஒரு மாதம் முன்பே கேட்டு வாங்கி, தினமும் காலையில் டிரம் இருக்கும் இடம் வரைக்கும் போய்வந்து.

அந்த ஒரு மாதம் என்பதுதான் முக்கியம். எம்டிபியின் ஹேண்டில் நேராகவும் அகலமாகவும் இருக்கும், உடம்பு முன்னால் சாய்ந்துகொள்ளும், லேடிஸ் வண்டியில் நிமிர்ந்தே உட்கார்ந்து பழகியவர்களுக்கு முதல் நாலு நாள் தோளும் மணிக்கட்டும் வலிக்கும். பிரேக்கும் பழக வேண்டும், பழைய வண்டியில் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் நின்று நாம் மட்டும் போவோம். இன்னொரு தொல்லை, இந்த வண்டி பெரும்பாலும் வீட்டில் பையனுடையதாக இருக்கும், டியூஷனுக்கு, கிரிக்கெட்டுக்கு என்று அவன் எடுத்துப் போய்விடுவான், பந்தயத்தன்று மட்டும் "சரி எடுத்துக்கோ" என்பான். பந்தயத்தன்று மட்டும் கையில் வரும் நல்ல வண்டியைவிட, தினமும் ஓட்டுகிற சுமாரான வண்டி நல்லது. இதை நான் பத்துப் பதினைந்து பிள்ளைகளிடம் பார்த்துவிட்டேன்.

அடுத்து பள்ளி வண்டி. தமிழ்நாட்டு அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, அப்புறம் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிற எல்லாருக்கும் கொடுக்கிற வண்டி. எங்கள் பக்கம் ஒரு பெண்ணின் பெயரில் இருக்கும் முதல் சொத்தே பல வீடுகளில் அதுதான், அண்ணன் கேட்டாலும் "என் வண்டி" என்று சொல்லலாம். அக்கா மகள் அதில் தினமும் பள்ளிக்குப் போகவும் வரவும் பத்து கிலோமீட்டர் ஓட்டுகிறாள். அந்தப் பத்து கிலோமீட்டர் வேறு எந்த வண்டியும் கொடுக்க முடியாத பயிற்சி.

அதன் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் பார் இல்லாமல் வளைந்து இறங்குகிற பிரேம் என்பதால் எழுந்து நின்று பலமாக மிதித்தால் வண்டி லேசாக முறுக்கிக்கொள்கிறது. டயர் மெல்லியது, மாவு மண்ணில் புதையும், தடத்துக்குள் விழுந்தால் வெளியே வர அடம் பிடிக்கும். முன்னால் கூடை, பின்னால் கேரியர், செயின் கவர், ஸ்டாண்டு, பூட்டு எல்லாம் சேர்ந்து மூன்று கிலோவுக்குக் குறையாது. அக்கா மகள் வண்டியில் முன்னால் 44, பின்னால் 18, சுற்றுக்கு 5.1 மீட்டர், அவள் எடைக்கும் வயதுக்கும் இது கனம். நல்ல பக்கம் என்றால், காலை எந்த நேரமும் ஊன்றலாம், கோட்டில் ஒரு காலை ஊன்றி ஒரு பெடலில் முழு எடையையும் வைத்துக் காத்திருக்கலாம், விழுவது போல் வந்தால் வண்டியை விட்டு வெளியே வந்துவிடலாம்.

இந்தக் குறைகளில் பாதியை இருநூறு முந்நூறு ரூபாயில் சரிசெய்துவிடலாம் என்பதைத்தான் யாரும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. சைக்கிள் கடைக்குப் போய் 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போடச் சொல்லுங்கள். கடைக்காரர் "எதுக்கும்மா, வண்டி மெதுவாப் போகுமே" என்பார், எங்கள் கடைக்காரரும் சொன்னார். பரவாயில்லை, போடச் சொல்லுங்கள். சுற்றுக்கு 4.6 மீட்டராகக் குறையும், எம்டிபியைவிடவும் லேசாகக் கிளம்பும். பின்சக்கரத்தை அரை சென்டிமீட்டர் போல முன்னால் நகர்த்தினாலே பழைய செயின் போதும், இடம் இல்லாவிட்டால் மட்டும் கண்ணி சேர்க்க வேண்டிவரும். மணிக்கு 29 கிலோமீட்டர் போக நிமிடத்துக்கு 105 சுற்று மிதிக்க வேண்டும், பதினாறு வயதுக் காலுக்கு இரண்டு வாரத்தில் அது வந்துவிடும். இரண்டு வருடம் முன்னால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இப்படிச் செய்துகொடுத்தோம். குறுகலுக்குள் முதலாவதாக நுழைந்தாள், கடைசியில் இரண்டாவதாக வந்தாள், முதலாவதாக வந்த வண்டி எம்டிபி.

ஃப்ரீவீல் மாற்றும்போதே ஓவராயில் செய்துவிடுங்கள். பால்ரஸ் எல்லாம் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைத்து, ரிம் கோட்டம் எடுத்து, பிரேக் கட்டையை மாற்றினால் அதே வண்டி வேறு வண்டியாகிவிடும். கூடை, கேரியர், ஸ்டாண்டு, பூட்டு நான்கையும் கழற்றுங்கள். மட்கார்டைக் கழற்றினால் முன்னால் போகிறவளின் மண் மட்டுமல்ல நம் முன்சக்கரத்து மண்ணும் முகத்தில் அடிக்கும், அதனால் முன் மட்கார்டு இருக்கட்டும். செயின் கவர் போட்டிருக்கும் உடையைப் பொறுத்தது. டிராக் பேன்ட் போட்டு வலதுகாலில் ரப்பர் பேண்ட் கட்டிக்கொண்டால் கழற்றலாம். சுடிதார் என்றால் கழற்றவே வேண்டாம், துப்பட்டாவை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், அது சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்று நான் எழுத விரும்பவில்லை.

காற்று விஷயத்திலும் கடைக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள். கல் மாதிரி அடித்துக் கொடுப்பார்கள். அது தார் ரோட்டுக்குச் சரி, சரளையில் கல் போன்ற டயர் குதிக்கும், குதிக்கிற டயர் மண்ணைப் பிடிக்காது. கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகிற அளவு வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பக் குறைத்தாலும் கூடாது, மெல்லிய டயரில் காற்று குறைந்தால் டிராக்டர் தடத்தின் விளிம்பில் ரிம் இடித்து டியூபில் இரட்டை ஓட்டை விழும்.

சீட் உயரம் இன்னும் கொஞ்சம் சிக்கலானது. நம் ஊரில் எல்லாப் பெண்களும் இரண்டு காலும் தரையில் முழுசாகப் படுகிற உயரத்தில்தான் சீட் வைத்து ஓட்டுகிறோம், யாரோ சிறுவயதில் விழாமல் இருக்க அப்படி வைத்துக் கொடுத்தது, அப்புறம் யாரும் ஏற்றவில்லை. அவ்வளவு தாழ்வாக இருந்தால் முழங்கால் மார்புக்கு வருகிறது, தொடையில் உள்ள பலம் பெடலுக்குப் போவதில்லை. பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கியிருக்க வேண்டும். ஆனால் அந்த அளவுக்கு ஏற்றினால் டிரம்மில் காலை ஊன்ற முடியாது. நான் நடுவழியில் நிற்கிறேன், இப்போது இருப்பதைவிட இரண்டு விரற்கடை ஏற்றுங்கள், கால்விரல் தரையில் படட்டும். ஒரு வாரம் பள்ளிக்கு அப்படியே போய்வாருங்கள், பழகிவிடும்.

திருப்பம் எந்த வண்டிக்கும் ஒன்றுதான். டிரம்முக்கு முன்னால் நேராகப் போகும்போதே பிரேக்கைப் பிடித்து முடித்துவிட வேண்டும், பெரும்பாலும் பின் பிரேக்கை. வளைய ஆரம்பித்தபிறகு பிடித்தால் சரளையில் சக்கரம் ஓடிவிடும். அகலமாக உள்ளே வந்து, டிரம்மை ஒட்டித் திரும்பி, மறுபடி அகலமாக வெளியே போக வேண்டும். வெளிப்பக்கத்து பெடல் கீழே, அதன்மேல் எடை, உள்பக்கத்துக் கால் பெடலை விட்டு இறங்கித் தரைக்கு ஒரு சாண் மேலே காத்திருக்கட்டும். எங்கள் டிரம்மை வலமாகச் சுற்ற வேண்டும், ஆகவே வலதுகால். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஒரு பழைய சாக்கை மண்ணில் போட்டுச் சுற்றிப் பழகினால் போதும்.

கல்யாணமான பெண்கள் பிரிவுக்கு என் பதில் லேடிஸ் வண்டிதான், மறுபேச்சு இல்லை. சேலையில் ஓடுகிறவர்கள் கொசுவத்தை இழுத்துச் செருகி, முந்தானையை இடுப்பில் சுற்றி ஊக்கு குத்திக்கொள்ளுங்கள், செயின் கவரையும் பின்சக்கரத்தின் பக்கத்தில் இருக்கும் சேலை வலையையும் தொடவே வேண்டாம். பெண்ணுடைய பள்ளி வண்டியை வாங்கி ஓட்டுகிற அம்மாக்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர், இருபது பல் ஃப்ரீவீல் அவர்களுக்கும் வேலை செய்யும், முழங்கால் வலி இருக்கிறவர்களுக்கு இன்னும் நல்லது.

புது வண்டி வாங்கலாமா என்றும் ஒருத்தி கேட்டாள். கியர் இல்லாத எம்டிபி எங்கள் பக்கம் ஆறாயிரம் ஏழாயிரத்தில் இருந்து கிடைக்கிறது. ஒரு குடத்துக்காக அவ்வளவு செலவழிக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் பெண் இதோடு நிற்கப் போவதில்லை, செப்டம்பரில் அண்ணா பிறந்தநாளை ஒட்டி விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் நடத்துகிற மிதிவண்டிப் போட்டிக்கும் போவாள் என்றால் யோசிக்கலாம். அது தார் ரோட்டில், 13 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 10 கிலோமீட்டர், 15, 17 வயதுக்குட்பட்டவர்களுக்கு 15 கிலோமீட்டர். இந்தியத் தயாரிப்பு, சாதாரணக் கைப்பிடி வண்டிதான் வேண்டும் என்று அறிவிப்பிலேயே போடுகிறார்கள், வாங்குவதற்கு முன் அந்த வருடத்து அறிவிப்பைப் படித்துவிடுங்கள். அங்கே போகும்போது பின்னால் மறுபடி 18 பல்லைப் போட்டுக்கொள்ளலாம், அதனால் கழற்றிய ஃப்ரீவீலைக் கடையிலேயே விட்டுவிடாமல் துணியில் சுற்றி எடுத்து வையுங்கள்.

அக்கா மகளுக்கு நான் கடைசியாகச் சொன்னது இதுதான். தம்பியிடம் இன்றைக்கே கேள். இன்று முதல் பொங்கல் வரை தினமும் காலை ஒரு மணி நேரம் வண்டியைக் கொடுப்பான் என்றால் எம்டிபியை எடு. கொடுக்க மாட்டான், அல்லது இன்றைக்குச் சரி என்றுவிட்டு நாளைக்கு மாறுவான் என்றால் அவனோடு சண்டை போட்டு நாளைக் கழிக்காதே, உன் பள்ளி வண்டியைக் கடையில் கொண்டுபோய் விடு, இருபது பல் போடு. மறுநாளே போன் வந்தது. தம்பிக்குச் சாயங்காலம் டியூஷன், காலையில் பால் வாங்கப் போக வேண்டும், வண்டி கிடைக்காதாம். "அப்ப என் வண்டியேதான் சித்தி, ஃப்ரீவீலுக்கு நீங்க காசு தர்றீங்களா?" என்றாள். தருகிறேன் என்றேன். சனிக்கிழமை மதியம் கடையில் சந்திப்பதாகப் பேச்சு, ஓவராயிலுக்கு ஒரு நாள் ஆகும், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சாக்கோடு கண்மாய்ப் பாதைக்குப் போகிறோம். பக்கத்து ஊர்களில் இருந்து வருகிற பிள்ளைகளும் வரலாம், சாக்கு நான் கொண்டுவருகிறேன், பம்பு மட்டும் யாராவது எடுத்து வாருங்கள்.